வெந்நி ஆறுவதற்குள்

திருவொற்றியூர்,
நவம்பர் 22

இயேசுவின் இரக்கத்தில் மலைமேல் நலமாயிருக்கும் என் மகள் ரெஜினாவுக்கு, அம்மா தங்கபுஷ்பம் ஆசீரோடும் முத்தத்தோடும் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். மடத்துக்கு வரும் கடிதங்களை மதர்தான் முதலில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால் மதர் அவர்களுக்கும் என் பணிவான வணக்கம். என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் மதர்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஊரெல்லாம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறது, நான் மட்டும் தபால்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பயிற்சி முடிகிறவரை போன் கூடாது என்றால் கூடாதுதான், குறை சொல்லவில்லை. கடிதத்தை அப்பா காதில் விழும்படி சத்தமாகப் படித்தேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபம், தோட்டவேலை, பாட்டு வகுப்பு எதற்கும் பேப்பர் அசையவில்லை. விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில்தான் குளிக்கிறோம், முதலில் உயிர் போனது, இப்போது பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய் பார், அந்த இடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நீ இளைப்புக்காரப் பிள்ளை. சின்ன வயதில் உனக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் உன்னைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர். இந்த வீட்டுக்குக் கீசர் வந்ததே உன்னால்தானே. பத்து லிட்டர்தான், சின்னதுதான். ஆனாலும் உங்கள் அப்பா தன் ஆயுசில் பேரம் பேசாமல் வாங்கின ஒரே சாமான் அது. ஹார்பர் பக்கம் நீ வேலைக்குப் போன நாளெல்லாம் காலையில் எழுந்து சுவிட்சைப் போட்டு, வாளி நிரம்பினதும் பாத்ரூம் கதவைத் தட்டுவது அவர் வேலை. "எட்டி பாப்பா, வெந்நி ஆறிரும், வா" என்பார். இத்தனை வருஷம் சென்னையில் கடை வைத்தும் வெந்நீர் என்று ஒருநாள் சொன்னதில்லை.

மே மாதம் கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கிறாய். அப்பா வந்து நிற்பாரா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். நான் என்ன சொல்ல? குளித்த ஈரத்தலையோடு நீ ஆபீசுக்குக் கிளம்பும்போது தினமும் கட்டைவிரலால் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினவர், நீ மடத்துக்குப் புறப்பட்ட அன்று முன்னால் வந்து குனிந்து நின்றும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் அங்கேதான் நின்றேன், மறப்பேனா? அந்தச் சிலுவை இல்லாமல் வார்த்தைப்பாடு கொடுக்க உனக்கு மனசு வரவில்லை என்கிறாய். எனக்கும் அதே கவலைதான். இருந்தாலும் கல்லும் கரையும் பிள்ளே. கிறிஸ்துமஸ் வரட்டும், நான் பேசுகிறேன்.

இப்போது என் தலைவலியைக் கேள். கரண்டு பில். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள் நான் என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்தால் ஃபேனை அணைத்துவிடுவேன் என்று நீயே கேலி செய்வாய். நீ போனபிறகு இருப்பது இரண்டே உயிர். பில் குறையத்தானே வேண்டும்? ஏறியிருக்கிறது. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே வேறு. அந்தக் கோட்டை இந்தத் தடவை தாண்டிவிட்டோம். போனில் வந்த மெசேஜைப் பார்த்ததும் அடுத்த வீட்டு மெசேஜ் நமக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சந்தேகம் கீசர்மேல் விழுந்தது. எலக்ட்ரீஷியன் அஃப்ரித்தைக் கூப்பிட்டேன், ராயபுரத்திலிருந்து பைக்கில் வருவானே, அவன்தான். கழற்றிப் பார்த்துவிட்டு, "யம்மா, இத்த பாத்தியா? காயிலு மேல உப்பு கல்லாட்டம் புட்ச்சிகினு கீது. கரண்டு மொதல்ல கல்ல சுட வைக்குது, அப்பாலதான் தண்ணிய" என்றான். போர்த் தண்ணீர் செய்த வேலை. அதாவது நான் செய்த வேலை. மெட்ரோ தண்ணீரும் மேல்தொட்டிக்கு ஏறும்படி அப்பா ஒரு குழாய் போட்டிருந்தார் அல்லவா? நல்ல தண்ணீரை யாராவது குளித்துத் தொலைப்பார்களா என்று அந்த வால்வை நான்தான் மூடினேன். மெட்ரோ தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும்தானே. இந்தப் பக்கம் எந்த வீட்டில் அதில் குளிக்கிறார்கள்? குடத்தில் மிச்சம் பிடித்ததைக் கீசர் தின்றுவிட்டது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

உப்பைச் சுரண்டி எடுத்தாயிற்று. வால்வைத் திறந்தாயிற்று. சூட்டை நடுவுக்குக் குறைத்து வைத்தான். காபி போடும்போது சுவிட்சைப் போட்டு, குடித்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். அதுவும் காலையில் அப்பாவுக்கு ஒரு வாளிதான். மற்ற நேரம் எதற்கு? மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே மத்தியானம் கொதிக்கிற ஊர் இது.

அப்பா கடைக்கு வருவதைக் குறைத்துவிட்டார். இரண்டு மூன்று தடவை சில்லறையை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் உளுந்து கேட்டவருக்குப் பருப்பு கட்டினார். உன்மேல் இருக்கும் கோபத்தில் புத்தி ஒரு நிலையில் இல்லை. வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, நானே காலையிலிருந்து சாயந்திரம் வரை காலடிப்பேட்டைக் கடையில் உட்காருகிறேன். நீ குளித்ததும் தலையை நன்றாகத் துவட்டு. மார்பில் தைலம் தடவிக்கொள். மாதா உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

~

திருவொற்றியூர்,
ஜனவரி 19

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. புது வருஷ வாழ்த்து, மதருக்கும் சேர்த்து. நீ கையால் செய்து அனுப்பின குடில் அட்டையைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். கேட்காதே. பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். வாருங்கள் என்றால், "பாப்பா வரட்டும், ஆபீஸ்ல இருந்து இன்னும் வரலயே" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பண்டிகை நாளும் அதுவுமாக இப்படிக் குத்திக் காட்டலாமா? நீங்கள் மனம் இறங்கினால் பாப்பாவை நாளைக்கே போய்ப் பார்க்கலாம், வீம்பு பிடித்துக்கொண்டு என்னிடம் ஏன் இடக்குப் பேசுகிறீர்கள் என்று வாசலில் வைத்தே கத்திவிட்டேன். திருதிருவென்று விழித்தார். அப்புறம் பூசை முழுவதும் பக்கத்து இடத்தைக் கையால் மறித்து வைத்துக்கொண்டு, யாரையும் உட்காரவிடவில்லை. மே மாதத்தைப் பற்றி நான் பேசவே முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கரண்டுக் கதை இன்னும் மோசம். உப்பை எடுத்து, சூட்டைக் குறைத்து, வால்வைத் திறந்து இத்தனையும் செய்தபிறகு பில் முன்னைவிட அதிகம். ரீடிங் எடுக்க வந்தவரிடம் மீட்டர் ஓடுகிறதா பறக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, வீட்டில் கல்யாணமா அம்மா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தது தண்ணீர். மாடியில் குடியிருக்கிற மனோகரன், கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறாரே, அவர் வந்து மத்தியானமே தொட்டி காலியாகிவிடுகிறது என்று புகார் சொன்னார். காலையில் நான் மோட்டார் போட்டு நிரப்பிவிட்டுப் போகிறேன். எப்படிக் காலியாகும்? இவர்கள்தான் இறைத்துவிட்டு என்னிடமே வந்து முறையிடுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்த வேகத்தில் இன்னொன்றும் தோன்றியது. என் லைனிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கரண்டு போகிறதோ? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நடக்கிறார்களோ? வாய் சும்மா இருக்குமா, கேட்டுவிட்டேன்.

மனோகரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "யக்கா, நாங்க பச்சத் தண்ணில குளிக்கிற ஆளுங்க. உன் கீசரு கரண்டு எங்களுக்கு இன்னாத்துக்கு? வாடக குட்த்து கீறோம், திருடிகினு இல்ல. மெய்யாலுமே சொல்றேன், உன் வூட்லதான் இன்னாவோ நடந்துகினு கீது, அத்த மொதல்ல பாரு" என்றார். அவர் மனைவி மாயா, உன் வயசுப் பிள்ளை, வயிற்றில் குழந்தையோடு படியில் நின்று அழுதது. நான் மசியவில்லை. அஃப்ரித்தை மறுபடி வரவழைத்து லைனைப் பார்க்கச் சொன்னேன். அவன் மெயினை அணைத்து, மாடியில் ஏறி இறங்கி, மீட்டரில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "அங்க ஒரு மிஸ்டேக்கும் இல்லமா. ஓடுனாதான் கரண்டு போவும். யாரோ கீசர ஓட்டிகினு கீறாங்க" என்று சொல்லிவிட்டான். யார் ஓட்டுவது? நான் கடையில். அப்பாவோ பேப்பரும் கையுமாக இருக்கிறவர்.

எதற்கும் இருக்கட்டும் என்று சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனேன். சாயந்திரம் வந்து பார்த்தால் அது கீழே கிடக்கிறது. ஈரத்தில் ஒட்டவில்லை போலிருக்கிறது. ஒன்றும் பிடிபடவில்லை பிள்ளே. கடையும் வீடும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. மேற்குக் காற்று அடித்தால் மணலி ஃபாக்டரி வாடை வேறு, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. எனக்காக ஜெபம் பண்ணு. அப்பாவுக்காக அதிகமாகப் பண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா

~

திருவொற்றியூர்,
மார்ச் 8

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு வணக்கம். இந்தத் தடவை கடிதம் முதலில் உங்களுக்குத்தான். படித்துவிட்டு இதை ரெஜினாவிடம் கொடுக்கலாமா, வார்த்தைப்பாடு முடிகிறவரை வைத்திருக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. மறைத்தால் பாவம், சொன்னால் பிள்ளையின் பாதையில் கல்லைப் போட்டவள் ஆவேன்.

அன்புள்ள ரெஜினா, இதை நீ படிக்கிறாய் என்றால் மதர் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உட்கார்ந்து படி.

தவக்காலம் தொடங்கின வாரம். கல்லா சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டு, உச்சிவெயிலில் திரும்பி வந்தேன். முன்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே வந்தால் பாத்ரூம் பக்கம் ஆவி அடிக்கிறது. உன் பச்சை வாளி நிறைய வெந்நி. தோளில் உன் துண்டு. அப்பா ஆளில்லாத பாத்ரூம் கதவைச் சாத்தி வைத்து, வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கிறார். "எட்டி பாப்பா, வெந்நி போட்டாச்சு. ஆறிரும்ட்டி. நேரமாகுதுல்லா?" கொஞ்ச நேரம் பார்த்தார். கதவைத் திறந்து வாளிக்குள் விரலை விட்டார். "ஆறிட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாளியைக் கவிழ்த்தார். மறுபடி சுவிட்சைப் போட்டார். சிவப்பு லைட் எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். மறுபடி வாளியை வைத்தார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை, திருட்டு முழியும் இல்லை. "பிள்ளைக்குப் பச்சத்தண்ணி ஆகாதுல்லா, இளைக்கும். நீ கடைக்குப் போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். தொட்டி ஏன் காலியாகிறது, மீட்டர் ஏன் ஓடுகிறது, பிளாஸ்திரி ஏன் கீழே கிடந்தது, கிறிஸ்துமஸ் அன்று யாருக்காகச் செருப்பு போட்டுக்கொண்டு நின்றார், எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. காலையிலிருந்து சாயந்திரம் வரை உனக்கு வெந்நி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் பிள்ளே. அவருக்கு நீ மடத்துக்குப் போனதே நினைவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மறதி நோய் என்றார். மாத்திரை கொடுத்தால் மெதுவாகப் போகும், போனது திரும்பாது என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. டாக்டர்மேல் இல்லை, என்மேல். சில்லறை மாறினபோதும் பருப்பு கட்டினபோதும் நான் அதைக் கோபம் என்று நினைத்தேன். வீம்பு பிடித்த மனுஷன் என்று ஏசினேன். கரண்டு பில்லைப் பார்த்த கண்ணுக்கு இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பார்க்கத் தெரியவில்லையே.

அன்றே மாடிக்கு ஏறி மனோகரன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "வுடுக்கா, நைனாவ பாப்போம்" என்றார். மாயா காபி போட்டுக் கொடுத்தது.

இப்போது நான் செய்த கூறுகெட்ட வேலையைக் கேள். என்ன இருந்தாலும் கடைக்காரி புத்தி. நோய் நோயாக இருக்கட்டும், கரண்டாவது மிஞ்சட்டும் என்று அஃப்ரித்திடம் ஒரு வழி கேட்டேன். சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் மட்டும் எரியும்படி, காயிலுக்குக் கரண்டு போகாதபடி வயரை மாற்றிக் கொடுத்தான். "பாவமா கீதுமா" என்று சொல்லிக்கொண்டேதான் செய்தான். அப்பாவுக்கு லைட் எரிந்தால் போதும், அவர் பாட்டுக்கு நிறைத்துக் கவிழ்த்துக்கொண்டிருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் கடைக்குப் போகாமல் ஒளிந்திருந்து பார்த்தேன். வாளியை வைத்தார். விரலை விட்டார். பச்சைத்தண்ணீர். லைட்டைப் பார்த்தார். மறுபடி விரலை விட்டார். முழங்கை வரை விட்டுப் பார்த்தார். அப்புறம் பாத்ரூம் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "பாப்பா, அப்பாவுக்கு இன்னைக்கு வெந்நி போட முடியலட்டி. குளிக்காம போ. பச்சத்தண்ணில குளிச்சிராத, மக்கா" என்று கெஞ்சினார். சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். மத்தியானச் சோறு தொடவில்லை. கீசருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்தார்.

சவத்துக்குப் பிறந்த பில் எவ்வளவு வந்தால் என்ன என்று எனக்கு ஆகிவிட்டது. அஃப்ரித் அன்றைக்கு எண்ணூரில் வேலையாக இருந்தான். வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று போனில் கத்தினேன். வந்து வயரைப் பழையபடி மாட்டினான். கூலி வாங்க மாட்டேன் என்று போய்விட்டான். சாயந்திரம் வாளியில் ஆவி வந்ததும் உங்கள் அப்பா சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன்னை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. உன்னிடம் கோபப்பட அவருக்கு இப்போது ஒன்றுமே இல்லை. மன்னிக்கவும் ஒன்றும் இல்லை. மே மாதம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வெள்ளை உடுப்பில் உன்னைக் காட்டினால், இது யார் என்று கேட்டுவிடுவாரோ என்று நடுங்குகிறேன். ஆண்டவர் ஒரு வழி காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

~

திருவொற்றியூர்,
ஏப்ரல் 10

உயிர்த்த ஆண்டவர் உனக்குத் திடம் தருவாராக. என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

கடிதத்தை உன் கையில் கொடுத்த மதருக்கு நன்றி. ஆனால் உன் பதிலைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு போட்டிருப்பேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறாயாமே? வந்து என்ன செய்வாய் கூறுகெட்டவளே? உன்னை மடத்தில் கொடுத்தது நான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டபோதும் போய்வா என்று சொன்னவள் நான். உன் மனசு அங்கேதான் இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் தெரிகிறது. அழுதுகொண்டே எழுதின இந்தக் கடிதத்திலும் தெரிகிறது. அவர் நன்றாக இருந்தால் வீம்பாவது பிடிப்பார், ஒரு நாள் சமாதானமும் ஆவார். அவருக்காக நீ திரும்பி வந்தாய் என்பது அவருக்கே தெரியப்போவதில்லை. அப்படி ஒரு பலியை யாருக்குக் கொடுக்கிறாய்? வராதே. இருக்க வராதே.

இங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. மாயா மாசமாக இருப்பதால் மனோகரன் வேலைக்குப் போனபிறகு கீழே நம் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு நாள் அது பாத்ரூமில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து கதவைத் தட்டி, வெந்நி ஆறிரும் என்றிருக்கிறார். அதற்கு என்ன தோன்றியதோ, உள்ளேயிருந்தபடியே "குளிச்சிட்டேன்பா" என்று சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். "சரி மக்கா" என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டாராம். அன்று முழுவதும் கீசர் பக்கம் திரும்பவில்லை. உப்பை எடுத்தேன், சூட்டைக் குறைத்தேன், பிளாஸ்திரி ஒட்டினேன், வயரைக்கூட மாற்றினேன். பதில் சொல்ல ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அன்றிலிருந்து மாயாதான் தினமும் பதில் சொல்கிறது. அந்த வெந்நியும் வீணாவதில்லை, மாசமான பிள்ளை, அதுவே குளித்துக்கொள்கிறது. மீட்டரும் அடங்கிவிட்டது, அடுத்த பில் பழையபடி கோட்டுக்குள் வந்துவிடும். ஒரு நாள் மட்டும் அப்பா, "தொண்ட கட்டியிருக்கே பாப்பா, இளைப்பா?" என்று கேட்டு, அஞ்சறைப் பெட்டியை உருட்டிச் சுக்கு தேடினார். மாயா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதது.

ஆனால் பிள்ளே, பதிலைக் கேட்டபிறகு அவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு பாத்ரூம் கதவையே பார்க்கிறார். வலதுகைக் கட்டைவிரலை மற்ற விரல்மேல் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். முதலில் எனக்குப் புரியவில்லை. நீ ஈரத்தலையோடு வெளியே வந்து நிற்பாய், சிலுவை போட்டு அனுப்ப வேண்டும் என்று காத்திருக்கிறார். மாயா அவர் கண்ணில் படாமல் பின்பக்கமாகப் போய்விடும், அவர் முன்னால் யாரும் வருவதில்லை. கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்துவிடும். மாயாவை வந்து நிற்கச் சொல்லலாமா என்று ஒரு நாள் நினைத்தேன். அதற்கு மனசு வரவில்லை. அது உனக்கு உள்ளது, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது.

அதனால் கேட்கிறேன். மதரிடம் ஒரே ஒரு நாள் லீவு கேள். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் அப்பா அம்மாவிடம் ஆசீர் வாங்கப் போகிறேன் என்று உண்மையையே சொல். காலையில் சென்ட்ரலில் வந்து இறங்கு, மனோகரன் ஆட்டோவோடு நிற்பார். முன்வாசலில் வராதே, பின்பக்கமாக வந்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொள். பச்சை வாளி நிறைய வெந்நி இருக்கும். அவர் தட்டுவார். நீ பதில் சொல். அவசரப்படாமல் நிதானமாகக் குளி. அன்றைக்கு எவ்வளவு கரண்டு ஓடினாலும் நான் மீட்டரைத் திரும்பிப் பார்க்க மாட்டேன், சத்தியம். ஆபீசுக்குப் போடுவாயே, அந்த நீலச் சுடிதார், அதைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு ஈரத்தலையோடு வந்து அவர் முன்னால் குனிந்து நில். கை தானாக எழும்பும்.

நீ ஆபீசுக்குப் போகிறாய் என்று அவர் நினைத்துக்கொள்வார். நினைத்துவிட்டுப் போகட்டும். நீ எங்கே போகிறாய் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். அது போதாதா? இது பொய்யில் சேருமா என்று மதரிடம் கேள். சேரும் என்றால் அந்தப் பாவத்தை என்மேல் எழுதச் சொல்.

நாள் கடத்தாதே. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடும்போது என் பெயர் அவருக்கு வரவில்லை. நாக்கு நுனியில் தேடிவிட்டு, "பாப்பா அம்மா" என்று கூப்பிட்டார். உன் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் என்னையே கண்டுபிடிக்கிறார். அதுவும் எத்தனை நாளைக்கோ.

மாதா உன் மூச்சைக் காக்கட்டும். வெந்நி ஆறுவதற்குள் வந்துவிடு மக்கா.

இப்படிக்கு,
பாப்பா அம்மா